வைஃபை போன நாளில் ஒரு நேர்காணல்

அன்று காலை மடிக்கணினியைத் திறந்தபோது, இரவோடிரவாக அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு முடித்திருந்தது. எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கிறது என்ற பொருளில் ஆங்கில வாக்கியம் ஒன்று திரையில் நின்றது. ஊரைவிட்டு வந்த எவனும் இதை நம்பமாட்டான். நானும் சரிபார்த்தேன். கோப்புகள் இருந்தன, மகளின் பிறந்தநாள் படங்கள் இருந்தன, வைஃபை இல்லை. இணைப்பு அறுந்திருந்தால் பரவாயில்லை. அந்தக் குறியே காணோம். அது இருந்த மூலையில் சின்னப் பூகோளம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

பதினொரு மணிக்கு எனக்கு வீடியோவில் நேர்காணல். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் தர ஆய்வாளராக வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடப்போகிறார்கள். தூத்துக்குடியில் ஒரு நிறுவனம் ஆள் தேடியது. அங்கிருந்து என் சொந்த ஊரான அம்பாசமுத்திரத்துக்கு, காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். பாலக்காட்டில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் என் மனைவி செல்விக்கும், மலையாளத்திலேயே சண்டை போடும் மகளுக்கும் நாங்கள் குடியிருக்கும் எலப்புள்ளியை விட்டு நகர மனமில்லை. ஆனாலும் செல்வி, "கிடைச்சா முதல்ல நீங்க போங்க, பாப்பா படிப்பு முடிஞ்சதும் நாங்க வாரோம்" என்று சொல்லியிருந்தாள். வரைபடங்களைத் திரையில் காட்டி விளக்க வேண்டும், அதனால் கைபேசி கூடாது, கணினிதான் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

முதலில் கேபிள்காரருக்குப் போன் செய்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் தன் பொறுப்பு முடிந்தது என்றார். விளக்கு எரிந்தது. செல்வியின் கைபேசியில் அதே வைஃபையில் இணையம் ஓடியது. தமிழ் பேசும் எல்லைக் கிராமமான வடகரப்பதியிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ராஜாமணி அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, "ஏனுங்க, நெட்டு வரலீங்களா? எங்கூட்ல நல்லா ஓடுதுங்களே, இங்க வந்து பாருங்க" என்றார். அங்கே போயும் என் கணினிக்கு எந்த வைஃபையும் தெரியவில்லை. கோளாறு ஊரில் இல்லை, என்னிடம்தான் என்பது உறுதியானது.

இந்த ஊரில் இது எனக்குப் புதிதல்ல. வந்த புதிதில் டீக்கடைக்காரர் ஒருவர், "நாடு எவிடெயா?" என்று கேட்டார். நாடு என்றால் இங்கே சொந்த ஊர். அப்போது அது எனக்குத் தெரியாது. "இந்தியா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அது செரி" என்று சொல்லி டீயை நீட்டினார். அதன் பிறகு அந்தக் கடையில் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் 'பாண்டிக்காரர்' என்று சொல்லிக்கொள்வார்கள். தமிழனுக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் அது.

மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஷீபாவின் கடைக்குப் போனேன். எலப்புள்ளியில் கணினி பழுதுபார்ப்பு, ஜெராக்ஸ் இரண்டுக்குமாகச் சேர்த்து அவர் வைத்திருக்கும் கடை. திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சேட்டா, பணி கிட்டியல்லோ" என்றார்.

"இன்னும் அவங்ககூடப் பேசவே இல்லையே. பதினொரு மணிக்குத்தான்" என்றேன்.

ஷீபா என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். பணி கிட்டியது என்றால் இங்கே வம்பு வந்து சேர்ந்தது என்று அர்த்தம். இத்தனை வருடம் இருக்கிறவனுக்கு அது தெரியாததல்ல. அன்றைக்கு என் காதுக்கு வேலை என்ற அர்த்தம் மட்டும்தான் எட்டியது.

புது அப்டேட் போட்டுவிட்டுப் போன டிரைவர் மென்பொருள் இந்தக் கணினியின் வைஃபைக்கு ஒத்துவரவில்லை என்றார் ஷீபா. பழையதற்குத் திரும்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. புது டிரைவரை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கிப் பார்த்தார். பூகோளம்தான் வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கைபேசியைக் கேபிளால் கணினியோடு இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தார். வீடியோவுக்கு அந்த வேகம் போதாது. கணினி நிறுவனத்தின் தளத்தில் பழைய டிரைவரைத் தேடி எடுத்துப் போட்டார். இதுதானா என்று அவருக்கே நிச்சயமில்லை. நான் கடிகாரத்தையும், அவர் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாக அவர் கடையோடு அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்களும் வரிசையாக வந்தன. வீட்டுக்குப் போக நேரமில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

திரையில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அதுவரை ஷீபாவோடு பேசிக்கொண்டிருந்த வாய், "கேக்குண்டோ சார்?" என்றது. பின்னால் யாரோ மலையாளத்தில் ஆதார் நகல் கேட்டார்கள்.

"ஓ, நீங்க மலையாளியா? பரவால்ல சார், மெதுவாவே பேசுங்க. தமிழ் புரியும்லா?" என்றார் மூத்தவர்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் என்றேன். அங்கேயும் வேலை பார்த்திருக்கிறீர்களா, நல்லது என்றார். அங்கேதான் பிறந்தேன் என்பதற்குள் இளையவர் வரைபடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன், விளக்கினேன். கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. முடிவில் மூத்தவர், "மலையாளி ஒருத்தர் இவ்வளவு தெளிவாத் தமிழ் பேசி நான் கேட்டதில்ல" என்று மனதாரப் பாராட்டினார். நன்றி சொன்னேன்.

சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். தூத்துக்குடி வேலைக்கு உள்ளூர் ஆள் ஒருவரை எடுத்துவிட்டார்களாம். ஆனால் கஞ்சிக்கோட்டிலிருந்து உதிரிபாகங்கள் வாங்கப்போகிறார்கள்; அங்கேயே இருந்து சோதித்து அனுப்ப ஒருவர் வேண்டும். "நம்ம ஆள் ஒருத்தரை அனுப்பினா பாவம், பாஷை தெரியாமச் சங்கடப்படுவாரு. நீங்கன்னா அந்த ஊர்க்காரரு" என்றார். சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம். சரி என்றேன்.

செல்வி, "நல்லதாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுச் சீருடைக்கு இஸ்திரி போடப் போனாள். அவள் முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று அவசரமாகத் திரும்பியதுபோல இருந்தது. மகள் சந்தோஷத்தை மறைக்கவே முயலவில்லை, தோழிக்கு அப்போதே போன் செய்தாள். நான் ஷீபாவின் கடைக்குப் போய், "பணி கிட்டி" என்றேன். "பின்னேம்?" என்று, மறுபடியுமா என்ற அர்த்தத்தில் கேட்டபடி, மடிக்கணினியை வாங்க அவர் கையை நீட்டினார்.

போன மாதம் ஒரு கூட்டத்துக்காக, வேலையில் சேர்ந்தபின் முதல்முறை தூத்துக்குடிக்குப் போனேன். மத்தியானம் கேன்டீன் பொறுப்பாளர் என்னைத் தனியே ஒரு மேசைக்கு அழைத்துப் போனார். "கேரளா சார் வாராகன்னு தேடிப் பிடிச்சு வாங்கினோம்" என்றபடி, பருத்துச் சிவந்த மட்டை அரிசிச் சோற்றை இலையில் போட்டார். எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் பொன்னி அரிசிதான், அதுவும் கோயம்புத்தூரிலிருந்து. மட்டை எனக்குச் செரிக்காது. பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் சாப்பிடாமல், நான் முதல் வாய் வைப்பதைப் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இலைகளில் வெள்ளைச் சோறு ஆவி பறந்தது. நான் மட்டையைப் பிசைந்து முழுவதும் சாப்பிட்டேன். பொறுப்பாளர் மறுபடி கரண்டியோடு குனிந்தார். போதும் என்று சொல்லத்தான் கையை உயர்த்தினேன்.

"மதி" என்று மலையாளத்தில்தான் வந்தது.