முப்பத்திரண்டு ஜோடி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பெண்களிடம் பேச வராது. அதனால் தீவில் எங்கள் டத்தோ கிராமாட் வீட்டில், அலமாரிக்கு மேல், ஒரு பழைய கணினியை, கடிதங்களை வாங்கிச் சேர்த்துவைக்கும் மின்னஞ்சல் சர்வராக்கினேன். அதில் இரண்டே முகவரிகள்: ஒன்று எனக்கு, மற்றது கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிக் கேண்டீன் நடத்தும் அக்காவின் தோழிக்கு. நாங்கள் எழுதுவது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும் என்று எண்ணம். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று முதல் கடிதத்திலேயே கேட்டு, அவர் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு, முகவரியையும் கடவுச்சொல்லையும் அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.

பதில் கடிதம் வரவில்லை, அவரே போனில் அழைத்தார்.

"என்னங்க, பெட்டியைத் திறக்கப் போனா, இந்த சர்வரை நம்ப முடியாதுன்னு போன் கத்துது லா!"

"அது... சர்வர் யாருதுன்னு காட்டுற சான்றிதழ். நானே கையெழுத்துப் போட்டது. வெளி நிறுவனம் போட்டாத்தான் போன் நம்பும்."

"உங்களுக்கு நீங்களே சர்டிபிகேட்டா? நல்லா இருக்கே! இது உங்களோடதுதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சான்றிதழுக்கு ஒரு கைரேகை உண்டு: எழுத்தும் எண்ணுமாக முப்பத்திரண்டு ஜோடி. என் திரையில் உள்ளதும் அவர் போனில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். வாசித்தேன்.

"மூணு, ஏ."

"சரி."

"எஃப், ஒம்போது."

"மெதுவாங்க, ரயிலா பிடிக்கப் போறீங்க?"

பத்தாவது ஜோடியில் என் குரல் நடுக்கம் நின்றது. இருபதாவதில் இருவரும் சிரித்து, எங்கே விட்டோம் என்பதை மறந்து, முதலிலிருந்து தொடங்கினோம்.

"எல்லாம் சரியா இருக்கு. நம்பிடட்டுமா?"

"நம்புங்க."

அதன்பின் அவர் மெல்ல முணுமுணுப்பது மட்டும் கேட்டது. கடிதத்தைப் படிக்கிறார் என்று புரிந்ததும் போனை வைத்துவிட்டு, சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "என்னடா, எறும்பு கடிச்சிருச்சா?" என்றார் அக்கா.

மாலையில் பதில் வந்தது. "எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு வாருங்கள். உங்களைப் பற்றி வேறொருவர் சொல்ல வேண்டுமாம். நீங்களே சொல்லிக்கொண்டால் அம்மாவிடம் செல்லாது."

துள்ளிக் குதித்த கையோடு, இலவசமாகக் கிடைக்கும் வெளிச் சான்றிதழையும் வாங்கிப் போட்டேன். இனி போன் கத்தாது, எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை என்று நானே அழைத்துச் சொன்னேன்.

"புதுசுக்கும் கைரேகை இருக்கும்ல?"

"இருக்கு."

"அப்ப வாசிங்க."

முப்பத்திரண்டையும் வாசித்தேன், மிக மெதுவாக. நாளை காலை அக்காவோடு படகேறுகிறேன்.

மார்ச் 14, சனிக்கிழமை.