மாத்திரை இல்லாத நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில், சின்ன காஞ்சிபுரத்தில் என் பத்து வயது மகளைப் பார்த்தவர்களெல்லாம் என்னைப் பாராட்டினார்கள். "தாயில்லாத பொண்ண எப்பிடி வளக்குறாரு பாரு, கன்னம் பூரி மாதிரி இருக்குது" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். சிறுநீரக நோய்க்காக மகள் தினமும் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையின் உபயம் அந்தக் கன்னம். நான் திருத்தவில்லை. நகராட்சித் தலைமை எழுத்தருக்குப் பாராட்டு அடிக்கடி வருவதில்லை.

உண்மையைச் சொன்னவர் தையற்காரர்தான். வளர வளரப் பிரித்துவிடலாம் என்று பட்டுப் பாவாடையில் மூன்று டக் பிடித்திருந்தோம். "ஒண்ணுகூடப் பிரிக்க வேணாம் சார். ரெண்டு வருஷமா அதே அளவுதான். துணிச் செலவே இல்ல உங்களுக்கு" என்று சிரித்தார்.

சென்னை டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். குழந்தையின் எலும்பு முனைகளுக்கு அருகே குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. அதிலுள்ள செல்கள் பெருகி, அடுக்கடுக்காகச் சேர்ந்து எலும்பாக மாறுவதால்தான் உயரம் கூடுகிறது. ஸ்டீராய்டு அந்தச் செல்களைப் பெருக விடுவதில்லை.

"ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்துப் பாப்போம். செல்லுங்களுக்குக் கொஞ்சம் மூச்சு கெடைக்கும். ஆனா தினம் காலையில சிறுநீரைக் காய்ச்சிப் பாருங்க. வெள்ளையாத் திரிஞ்சா நோய் திரும்புதுன்னு அர்த்தம். மூணு நாள் சேந்தாப்பல வந்தா, பழையபடி தினமும் மாத்திரை. உயரம் அப்புறம், உயிர் முதல்ல."

விதிமுறை என்றால் எனக்குப் பிடிக்கும். சமையலறையில் ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய், ஒரு நோட்டு. ஐந்து வாரம் தெளிவாகவே இருந்தது. வாரம் ஒருமுறை வளர எந்தக் குழந்தைக்கும் விதியில்லை என்று தெரிந்தும், ஞாயிறுதோறும் அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன்.

ஆறாவது வாரம் ஒரு காலை லேசாகக் கலங்கியது. மறுநாளும். மூன்றாம் நாள் நீராகாரம் போல வெளுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். குழாயில்தான் அழுக்கு என்று தீர்மானித்து, கழுவி, மறுபடி காய்ச்சினேன். அலுவலகத்தில் சந்தேகம் வந்தால் 'உத்தரவுக்காக' என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிடுவேன். இந்த வீட்டில் எனக்கு மேலே யாருமில்லை. பக்கத்தில் நின்று வெள்ளையா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லை.

மகள் பல் தேய்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளைதான்பா."

"லேசாத்தாம்மா இருக்குது. இன்னிக்கி மாத்திரை இல்லாத நாளு."

"நேத்தும் லேசாத்தான்னு சொன்னே" என்று உள்ளங்கையை நீட்டினாள்.