திரேசா பஸ்ஸின் மிதிகட்டை

என் அக்கா திரேசா சாகும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மார்பில் புற்றுநோய். பெரியாஸ்பத்திரிக்குப் போக நானும் அவளும் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நிற்போம். ஒரே ரோட்டில் நாலைந்து முதலாளிமாரின் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடுகிற காலம். அவள் உயரமான படியில் ஒரு காலை வைப்பதற்குள் மணி அடித்துவிடுவார்கள். இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாம் தடவை, "தம்பி, வீட்டை போவம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை.

அவளை அடக்கம் செய்த பிறகு எங்கள் வீட்டில் செபம் நின்றுபோனது. யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது?

அப்பா மீன் லொறி ஓட்டினவர். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்தவர் அந்த லொறிக்குக் கூடு கட்டி, ஆட்கள் உட்கார வாங்கு போட்டு, பஸ்ஸாக்கினார். நெற்றியில் 'திரேசா' என்று எழுதினார். பலாமரத்தில் ஒரு பருத்த கட்டை அறுத்து, கயிறு மாட்டி, என் கையில் தந்தார். நோயாளிகள் வந்தால் அதை வாசலடியில் வைக்கவேண்டும். அவர்கள் மிதித்து ஏறி உட்காரும்வரை பஸ் அசையாது. அதுதான் எங்கள் தொழிலின் சட்டம்.

நான் கொண்டக்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். பஸ்ஸில் ஏறுகிற ஒருவரையும் பகிடி பண்ணாமல் விடமாட்டேன். ஆனால் என்னைப் பகிடி பண்ணினால் தாங்காது. அடுத்த பஸ் கொண்டக்டர் பியசேன, கட்டையோடு என்னைக் காணும்போதெல்லாம், சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, "மல்லி, எப்ப கல்யாணம்? பொம்பிளை நல்ல பாரம்போல" என்பான். ஆட்கள் சிரிப்பார்கள்.

ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை விடிய, கட்டையைக் குசினிக்குப் பின்னால் விறகுக்குள் ஒளித்துவிட்டு முகம் கழுவப் போனேன். புறப்படும்போது அப்பா கேட்டார், கட்டை ஏற்றியாச்சா என்று. ஓம் என்றேன்.

மேட்டில் ஏறுகிற இடத்தில் அன்னம்மாக்கா நின்றா. என் அக்காவுக்கு வந்த அதே நோய். புதன்கிழமைகளில் எங்கள் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவா. கட்டை எங்கே என்று பார்த்தா. "இண்டைக்கு நான்தான் கட்டை. பிடியுங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவ அலறிவிட்டா. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் அக்காவின் வாயிலிருந்து கேட்ட சத்தம். அவ படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டா.

அந்த நேரம் பஸ்ஸின் அடியில் எதுவோ அறுந்தது. கைபிரேக். எஞ்சின் ஏற்கனவே நின்றிருந்தது. பஸ் பின்னுக்கு உருளத் தொடங்கியது.

"கால் பிரேக்கும் பிடிக்குதில்லை" என்றார் அப்பா. ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

கீழே சந்தியில் ட்ராம் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. நான் குதித்துத் தப்பியிருக்கலாம். அன்னம்மாக்காவின் கால்கள் வெளியே தொங்கின. இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து அவவை உள்ளே இழுத்தேன். உருளுகிற சில்லுக்கு அடைகொடுக்க ஒரு கட்டை இருந்தால் போதும். அதை விறகுக்குள் போட்டவன் நான். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் வாயில் செபம் வந்தது. மாதாவே, நான் பொய்க்காரன். என்னைப் பாராதேயும், அக்காவின் பேரைப் பாரும்.

அவ்வளவுதான் சொன்னேன். குனிந்திருந்த என் கண்ணுக்கு நேரே, கடைசி வாங்கின் கீழே, ஒரு கயிறு தெரிந்தது. இழுத்தேன். எங்கள் பலாக்கட்டை.

யோசிக்க நேரமில்லை. தூக்கிக்கொண்டு குதித்தேன். பின்சில்லுக்குக் கீழே எறிந்தேன். சில்லு அதைத் தள்ளிவிட்டது. ஓடிப்போய் எடுத்து, முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் செருகினேன். சில்லு அதில் பாதி ஏறியது. நின்றது. என் சுண்டுவிரல் நகம் அதோடு போனது. ட்ராமுக்கும் எங்களுக்கும் இடையில் பத்து அடி இருக்கும்.

வீட்டுக்கு வந்து, கட்டை எப்படி பஸ்ஸுக்குள் வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா விறகெடுப்பது பின்னேரத்தில்தான். அன்றைக்கு விடியவே போயிருக்கிறா.

"அக்காட கட்டை விறகுக்குள்ள கிடந்துது. நீ மறந்துட்டாய் எண்டு பஸ்ஸில வைச்சன்."

"ஏன் அம்மா விடியவே போனீங்க?"

"தெரியாதடா" என்றா.

அப்பாவிடம் பொய்யைச் சொல்லி அழுதேன். அவர் அடிக்கவில்லை. "கட்டையைக் கழுவி வை. நாளைக்கு வேணும்" என்றார். அன்று பின்னேரம் நாங்கள் மூவரும் அக்காவின் படத்தின் முன்னால் முழங்காலில் இருந்து செபமாலை சொன்னோம்.

அன்னம்மாக்கா இன்றும் புதன்கிழமைகளில் கட்டையை மிதித்துத்தான் ஏறுகிறா. நான் மணிக்கயிற்றைத் தொடாமல் நிற்கிறேன். பியசேன பகிடியை விடவில்லை. "மல்லி, பொம்பிளை கெட்டிக்காரி" என்கிறான். நானும் ஓம் என்கிறேன். இந்த ஓம் பொய்யில்லை.

சகோதரங்களே, நான் நல்லவனாகிய பிறகு ஆண்டவர் கேட்கவில்லை. பொய் நாவில் இருக்கும்போதே கேட்டார். உங்களுக்கும் வாய் எழும்பாத வருஷம் ஒன்று இருக்கலாம். பயப்படாமல் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். நான் கூப்பிடுவதற்கு முன்னமே பதில் பஸ்ஸில் ஏறி, கடைசி வாங்கின் கீழே உட்கார்ந்திருந்தது. கொண்டக்டர் எனக்குத்தான் தெரியவில்லை.