முழுகாத மாதங்கள்

என் உடம்பின் அளவு, எந்த நாட்டிலோ இருக்கும் யாரோ எழுதி வைத்த அளவோடு அச்சாகப் பொருந்திப்போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஆர்டர் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு சாம்பிள் தைத்து, அதை ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்த்து, கழுத்துக்குக் கீழே போட்டோ எடுத்து, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு அனுப்புவார்கள். அதற்கென்று மாடல் அழகியையா கூட்டி வருவார்கள்? செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு டேப் வைத்துப் பார்த்தார்கள். பையர் கேட்ட மீடியம் சைஸ் அப்படியே நான்தான். அன்றிலிருந்து எனக்கு சாம்பிள் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நாள் முழுக்க நின்றபடி பீஸ் புரட்டிக் கால் வீங்கியிருந்த எனக்கு, அந்த பிளாஸ்டிக் நாற்காலி சிம்மாசனமாகத் தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு சிம்மாசனம் ஆட ஆரம்பித்தது. என் மாமியார் சமைத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அரிசிபருப்புச் சோறும் நெய்யுமாக அவர் போட்டுக்கொண்டே இருப்பார், நான் தின்றுகொண்டே இருப்பேன். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆயிற்று. வீட்டில் எல்லாரும் அதைக் களை என்றார்கள். சாம்பிள் ரூமில் டேப் பிடிக்கும் அக்கா வேறு மாதிரி சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த டெய்லர் அவர். வாயில் எது வந்தாலும் அடக்கத் தெரியாது.

"ஏ புள்ள, இடுப்பு கூடிக்கிட்டே வருது. மெர்ச்சண்டைசர் கண்ணுல பட்டா வேற ஆளப் போட்டுருவாவ."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நினைத்தால் அப்படியே நடக்கும். திரும்பவும் செக்கிங் டேபிளா? மறுநாளே சோற்றை விட்டேன்.

விட்டேன் என்றால் ஒரேயடியாக விட்டேன். எனக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. காலையில் கம்பெனி வேன் வந்துவிடும் என்று சொல்லிச் சாப்பிடாமல் ஓடுவேன். மதியம் அத்தை கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை அக்காவிடம் நீட்டிவிட்டு நான் ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் கேட்டால் கம்பெனியில் சாப்பிட்டேன், கம்பெனியில் கேட்டால் வீட்டில் சாப்பிடுவேன். இரவில் ஒரு தோசை, அதுவும் எண்ணெய் இல்லாமல். அக்காவுக்கு அந்த நாட்களில் நல்ல வேட்டை. "ஒங்க மாமியாருக்கு என்ன கைப்பக்குவம்ளா" என்று விரலைச் சப்பிக்கொண்டே பாராட்டுவார். இடுப்பு பழைய அளவுக்கு வந்தது. அதற்கும் கீழே போனது. சைடில் ஊக்கு குத்தி இறுக்கிப் போட்டோ எடுத்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு அந்த மாதம் வரவேண்டியது வரவில்லை.

ஒரு மாதம் தள்ளிப்போவது உண்டுதானே என்று இருந்தேன். அடுத்த மாதமும் வராதபோது மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்கி வந்து குளியலறையில் பார்த்தேன். ஒற்றைக் கோடு. குழந்தை இல்லை. அப்படியென்றால் என்ன? தலை சீவினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தது, எனக்கு மட்டும் கைவிரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. செக்கிங் டேபிளில் என்னோடு நின்ற ஒரு பெண்ணுக்குச் சின்ன வயசிலேயே எல்லாம் நின்றுபோய், "வத்திப்போச்சுங்க" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கிணற்றைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்தே நான் அரை உயிரானேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பது மருமகளின் வேலை. அந்த மூன்று நாட்களில் நான் சாமி அறைக்குள் போகமாட்டேன், அத்தையே வைத்துவிடுவார். எதற்கு என்று அவரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். இப்படி வாய் திறக்காமலே என் தேதி அவருக்கு அத்துப்படி. இந்த முறை வெள்ளிக்கு வெள்ளி தவறாமல் நானே விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் ஒரு பெண் மாசமாக இருந்தால் 'முழுகாம இருக்கறா' என்பார்கள். நான் முழுகாமல் இருப்பதை அத்தை பார்த்தார், மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார், விடையும் எழுதிவிட்டார். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து இரண்டு வருஷமாகக் காத்திருந்த மனுஷி அவர்.

ஒரு நாள் மதியம் அக்கா திறந்த டிபன் பாக்ஸில் வழக்கமான கொள்ளுப் பருப்பைக் காணோம். கொள்ளு எனக்கு உயிர். ஏன் வைக்கவில்லை என்று, சாப்பிட்டவள் மாதிரியே சாயங்காலம் கேட்டேன்.

"சூடு கண்ணு. இனிமே கொள்ளு, எள்ளு, பப்பாளி எதுவும் ஆவாது" என்று சொல்லிவிட்டு என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

மாசமாக இருப்பவர்களுக்குத்தான் இதையெல்லாம் ஒதுக்குவார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? சிரித்து வைத்தேன். அன்று இரவு சாப்பாடு முடிந்ததும், மாதம் தள்ளிப்போனதையும் ஒற்றைக் கோட்டையும் அத்தையின் கணக்கையும் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். சோற்றை விட்டதை மட்டும் மறைத்துவிட்டேன். அவர் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், இதை டாக்டரிடம் தள்ளிவிட்டார். "மொதல்ல டாக்டர்கிட்டப் போலாம். அம்மாகிட்ட அப்பறமா மெல்லச் சொல்லிக்கலாம்" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் எடை மிஷினில்தான் ஏற்றினார். ரத்தம் எடுக்க வைத்தார், ஸ்கேன் எடுக்க வைத்தார். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்டபோது என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "நல்லா சாப்பிடுவாளுங்க, எங்கம்மா சமையல்" என்றார். டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொன்னார். அதன்பிறகுதான் வெள்ளரிக்காய்க் கதை வெளியே வந்தது.

ரிப்போர்ட் எல்லாம் கைக்கு வந்ததும் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "கர்ப்பம் இல்லை. தைராய்டு நல்லா இருக்கு. கர்ப்பப்பையிலயும் ஒரு கோளாறும் இல்லை. வயித்துக்குப் போதாததால உடம்பு பஞ்சம்னு முடிவு பண்ணிருச்சு. பஞ்சத்துல அது முதல்ல நிறுத்தறது இதைத்தான். சுரக்க வேண்டிய ஹார்மோன் ஒழுங்கா சுரக்கலை. இப்படியே போனா எலும்பும் போயிரும்."

"சாப்பிட்டா திரும்பி வந்துருங்களா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் வரும். எப்பன்னு நாள் குறிச்சுச் சொல்ல முடியாது. சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மாசக்கணக்காகும். மாத்திரையை நம்பாதீங்க, சோத்தை நம்புங்க. அப்பவும் வரலேன்னா மேற்கொண்டு பார்க்கலாம்."

பெரும்பாலும் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்த நேரத்திலிருந்து என்னை விடவே இல்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அதையேதான் முனகிக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் என்றால் எனக்குமா? ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டு என் வயிற்றை நானே பூட்டிவிட்டேனா?

வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க சாமி?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டு, "நல்லாச் சாப்பிடச் சொன்னாங்கம்மா" என்றார்.

பொய் என்று ஒரு எழுத்தைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவரை வண்டியோடு சேர்த்து நொய்யல் ஆற்றில் தள்ளியிருப்பேன். அத்தை அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே போய்க் குன்னத்தூரில் தோட்டத்தில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. குன்னத்தூரிலிருந்து நாட்டுக்கோழி முட்டையும் கம்பும் நிலக்கடலையும் பையில் வந்து இறங்கின. காலையில் ராகிக் களியும் கீரையும். வேன் ஹாரன் அடித்தாலும் அத்தை விடமாட்டார், டிரைவரிடமே போய், "பொறுங்க சாமி, புள்ள திங்குது" என்பார். வேனில் இருக்கும் அத்தனை பெண்களும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். மதியச் சோற்றை அக்காவிடம் நீட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. சாயங்காலம் உளுந்தங்களி, நல்லெண்ணெய் குழிவிட்டு. இல்லாத பேரப்பிள்ளைக்கு ஊட்டுகிறார் பாவம் என்று நினைத்தால் அழுகை வரும். அழுதால், "இந்த நேரத்துல அழுகக் கூடாது கண்ணு" என்று இன்னொரு கரண்டி போடுவார்.

இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறிக் கண்ணால் பேசிக்கொண்டோம். சொல்லவில்லை. நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. சாப்பிட்டும் அது திரும்பவில்லை என்றால்? இருக்கிறது என்று நம்பிய பிள்ளையும் இல்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை என்று இரண்டையும் ஒரே நாளில் அத்தையிடம் எப்படிச் சொல்வது? தூக்கத்தில்கூட அந்தப் பெண் வந்து "வத்திப்போச்சுங்க" என்றாள். இதற்கிடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை அத்தையின் அக்கா, குன்னத்தூர்ப் பெரியம்மா, ஒரம்பரைச் சொந்தங்களோடு என்னைப் பார்க்க வருவதாக முடிவாயிற்று. பூ, பழம், வளையல் எல்லாம் எடுத்துக்கொண்டு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, சாம்பிள் ரூமில், வெளிர் சந்தன நிறத்தில், இரவில் போடும் ஒரு பேன்ட் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். இடுப்பில் ஏறமாட்டேன் என்றது. மூச்சைப் பிடித்து ஏற்றினேன். அடிவயிற்றில் ஒரு இழுப்பு. போட்டோவுக்காகத் திரும்பி நின்றபோது பின்னாலிருந்து அக்கா, "அட கிறுக்கி, பையர் பீஸுளா அது!" என்று அலறினார்.

குனிந்து பார்த்தேன். ரத்தம்.

என் ரத்தத்தைப் பார்த்து நான் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை. சிரித்துக்கொண்டே அழுதேன். அக்கா பயந்துபோய், கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதை என்மேல் அடிப்பதா துணிமேல் அடிப்பதா என்று தெரியாமல் நின்றார். பீஸ் வீணாகிவிட்டது. வேறு பெண்ணை வைத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வந்துவிட்டது. வற்றிப்போகவில்லை. அது போதும்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும்தான் சிரிப்பு நின்றது. இன்று வெள்ளிக்கிழமை.

வீட்டுக்குப் போனபோது அத்தை திரியைக் கிள்ளி, எண்ணெய் ஊற்றித் தயாராக வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.

"மொகங் கழுவிட்டு வெளக்கு வெச்சுரு கண்ணு."

"இன்னைக்கு நீங்க வெச்சுருங்க அத்தை."

அவர் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது. "ஐயோ சாமி! கலைஞ்சு போச்சா?" என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிவந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஒரு தலையசைப்பு போதும். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார், ஊரே வந்து ஆறுதல் சொல்லியிருக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சனையும் தீர்ந்திருக்கும். என் தலை அசையக்கூடப் பார்த்தது. ஆனால் அவர் கை என் கையை விடாமல் பிடித்திருந்தது. இல்லாத ஒன்றுக்கு அவரைத் துக்கம் காக்க வைக்க என்னால் முடியவில்லை.

"கலையிலீங்க அத்தை. எதுவுமே இல்லீங்க. மொதல்ல இருந்தே இல்லீங்க" என்றேன். சோற்றை விட்டது, நின்றுபோனது, டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் என் கையை விட்டார்.

"அப்ப அந்த டாக்டரம்மா நல்லாச் சாப்பிடச் சொன்னது?"

"எனக்குத்தானுங்க அத்தை."

"நாங் கட்டிக் குடுத்த சோத்தையெல்லாம் எவளோ தின்னாளா?"

"ஆமாங்க."

எழுந்தார். தீப்பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு போய் விளக்கை அவரே வைத்தார். வெளியே வந்து போனை எடுத்தார். என் அம்மா வீட்டுக்குத்தான் போடுகிறார், வந்து உங்கள் பெண்ணைக் கூட்டிப் போங்கள் என்று சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பூவும் வளையலும் வேண்டாமுங்க. இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நாந்தான் தப்பா நெனச்சுட்டன். ஆனா முட்டை தீரப்போவுது, ஆரு கையிலயாச்சும் குடுத்துடுங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அத்தை என்னைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"இவளுக்குத்தானுங்க அக்கா. புள்ள இத்தன நாளாப் பட்டினி கெடந்திருக்குது."