பதினைந்து சகோதரர்களில் ஒருவன்

இதய ஆராய்ச்சிக் கூடத்தின் மீன் அறையில் அவரைத் தரகர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். திருமணத் தகவல் நிலையம் ஒன்றில் பதினோரு வருடம் வரன்களின் புகைப்படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தவர், நிலையம் மூடப்பட்டதும் மீன் பராமரிக்கும் வேலைக்கு வந்தார். தொழில் மாறியதாக அவர் நினைக்கவே இல்லை. சாயங்காலம் சின்னத் தொட்டியில் ஓர் ஆண் மீனையும் பெண் மீனையும் விட்டு நடுவே தடுப்பு வைப்பார். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பை எடுத்தால் அரைமணியில் முட்டைகள் அடியில் உதிர்ந்து கிடக்கும். இத்தனை சீக்கிரம் முடிந்த சம்பந்தத்தைப் பழைய வேலையில் அவர் ஒருநாளும் கண்டதில்லை.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, கோடு போட்ட மீன்கள் அவை. குஞ்சுகளின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் உருவாவதையும் ரத்தக்குழாய் கிளைவிடுவதையும் நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். அங்கே ஆராய்ச்சி செய்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுதான். மூன்று வருடமாக ஒரே ஒரு மீன் குடும்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் குறையைச் சுமக்கும் தாயும் தகப்பனும் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள். ஆனால் அவர்களுடைய குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்கு இதயம் இருக்கும், துடிக்காது. எந்த மரபணு பழுது என்பதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். அது தெரியும்வரை, குறையைச் சுமக்கும் மீன் எது என்று ஜோடி சேர்த்துக் குஞ்சுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படிச் சுமப்பவர்களில் மிஞ்சியவை மூன்று பெண் மீன்களும் ஒரே ஓர் ஆண் மீனும். அவன் தனித் தொட்டியில் இருந்தான். குறையில்லாத சகோதரர்கள் பதினாலு பேர் பக்கத்துத் தொட்டியில் கும்மாளம் போட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவன் தீனியைத் தொடவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சகோதரர்களையே பார்த்தபடி நின்றான். கூடப்பிறந்தவர்களைப் பிரித்துவைக்கும் பாவம் நமக்கெதற்கு என்று தரகரின் நெஞ்சு கனத்தது. வலையால் அள்ளி அந்தப் பக்கம் விட்டார். அவன் ஆவலோடு தின்றான். தரகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அவனைத் திரும்ப எடுக்கப் போனபோதுதான் உறைத்தது. பதினைந்து பேரும் அச்சு அசல் ஒரே மாதிரி.

வீட்டில் தையல் வேலை செய்யும் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, கூடத்தில் யாரிடமும் சொல்லப்போவதில்லை, அவன் முகம் எனக்கு அத்துப்படி என்றார்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "பஸ் ஸ்டாண்டுல நான்னு நெனச்சு வேற யாரோ ஒருத்தி கையப் பிடிச்சு 'வா, போகலாம்'னு சொன்ன ஆளு நீங்க. பேசாம போய் அந்த டாக்டர் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லுங்க."

சொன்னார். டாக்டரம்மா கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரத்தில் ஆய்வுக்குழு வருகிறது. துடிக்காத இதயங்களை அன்றைக்குக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா. புதிய தலைமுறை வளர மூன்று மாதம் ஆகும்.

"ஏன்ணே இப்படிப் பண்ணீங்க?"

"தனியா இருந்தான்மா."

"நானும்தான் ஹாஸ்டல்ல தனியா இருக்கேன். என்னை யாராவது வலையில அள்ளினாங்களா?"



மறுபடி கலந்துவிடக் கூடாதே என்று தரகர் பதினைந்து பேரையும் பதினைந்து டப்பாக்களில் எண் போட்டு அடைத்தார். ஒருவனின் தனிமையைத் தீர்க்கப் போய், குடும்பம் முழுவதையும் தனிமைச் சிறையில் தள்ளிய மகாபாவி ஆனார். பெண் மீன்களுக்கு ஒரு வாரம் ஓய்வு வேண்டும். ஆகவே வாரத்துக்கு மூன்று ஜோடி, மொத்தம் ஐந்து வாரம்.

கண்ணில் சோகம் ததும்பிய ஒருவனை, இவன்தான் என்று சத்தியம் செய்து முதலில் விட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நூற்றறுபது குஞ்சுகள், நூற்றறுபது இதயமும் ஜோராகத் துடித்தன. அடுத்து, தலைகுனிந்தே நீந்திய ஒருவன். அதுவும் ஜோர். நல்ல இதயங்களைப் பார்த்து மனிதன் வயிறெரிந்தது அந்த அறையில்தான். நான்கு வாரத்தில் சோகமானவர்கள், சாதுவானவர்கள் எல்லோரும் தீர்ந்துபோனார்கள். டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஹாஸ்டலுக்கு எடுத்துப்போனாள்.

மிச்சமிருந்த மூவரில் ஒருவனுக்குத் தரகர் வைத்த பெயர் ரவுடி. டப்பாவில் போடும்வரை சகோதரர்களை விரட்டி விரட்டிக் கடித்தவன். இவனாவது, ஏக்கமாவது என்று கடைசிக்குத் தள்ளியிருந்தார். வேறு வழியில்லாமல் அவனையும் ஜோடி சேர்த்தார்.

இரண்டாம் நாள் மதியம் நுண்ணோக்கியில் கண் வைத்தவர் அசையவில்லை. ஒரு குஞ்சு வாலைச் சுழற்றியது. நெஞ்சுக்குள் இதயம் சும்மா இருந்தது. ரத்தப் பொட்டுகளின் வரிசை நகராமல் நின்றது.

"அம்மா," என்றார் மெதுவாக. "நிக்குதும்மா."

அவள் ஓடிவந்தாள். எண்ணினாள். நூற்று நாற்பத்து நாலில் முப்பத்தாறு. சரியாக நாலில் ஒன்று. அடுத்தவர் இதயம் நின்றதற்கு இருவரும் ஆனந்தக் கண்ணீர் விட்டதை, வாசலில் நின்ற கூட்டிப் பெருக்கும் அம்மாள் வெலவெலத்துப் பார்த்தாள்.

ரவுடியைத் திரும்பத் தனித் தொட்டியில் விடச் சொன்னாள் டாக்டரம்மா. தரகர் வலையோடு தயங்கினார்.

"குறையுள்ள பொண்ணுங்கள்ல ஒருத்திய அவன்கூட விட்டா என்னம்மா? ஆணு எது, பொண்ணு எதுன்னு எனக்கே தெரியும். மாறிப்போகாது."

அவள் யோசித்துப் பார்த்தாள். விஞ்ஞானத்தில் எந்தத் தடையும் இல்லை. மூன்று வருடமாக இது தனக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சலோடு தலையாட்டினாள்.

மறுநாள் ரவுடி புதுப்பெண்ணின் பங்குத் தீனியையும் சேர்த்தே விழுங்கினான். தரகர் கண்ணாடியை விரலால் தட்டி, குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார்.