கதாசிரியரின் மூன்று அறிக்கைகள்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கதாசிரியர். மாதம் ஒருமுறை எழுத்தாளர்கள் கூடுகிற நூலக மாடியில் அவருக்குப் பெயர் லிப்ட்காரர். இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார்கள். இங்கே இருப்பவர்களுக்கு அவர் வேலையில் அரைகுறை, அங்கே இருப்பவர்களுக்கு எழுத்தில் அரைகுறை. அவரை முழு ஆளாகப் பார்த்தது அவர் மனைவியும் நானும்தான். மனைவிக்கு வேறு வழியில்லை. எனக்கு அது வேலை.

லிப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் நான் தட்டச்சர். அலுவலகம் மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்று, எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பழகிப்போன பார்வை.

ஆய்வாளர்கள் இரண்டே பேர். அதில் அவர் ஒருவர். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலை. கடனே என்று செய்தவர் இல்லை, ஆசைப்பட்டுச் செய்தவர். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போனால் கம்பிக் கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று விரலாலேயே சொல்லிவிடுவார். "பெட்டிக்குள்ள கால் வைக்கிறவன் எல்லாம் முகம் தெரியாத ஒருத்தனை நம்பித்தாம்மா வைக்கிறான். அந்த ஒருத்தன் நான்" என்பார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நானும் தலையாட்டுவேன். ஒரு பக்கம் தட்டச்சு மிச்சம் இருக்கும், வேறென்ன செய்ய.

கதை அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வரும். அவசர அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, பயன்படுத்தாத சோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவார். சாயங்காலம் அதை என் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று உள்ளறையில் காத்திருப்பவர் மாதிரி இருக்கும்.

கதைகள் சுமார்தான். சுமார் என்பதுகூட நான் அவர் வீட்டு உப்பைத் தின்றவள் என்பதால் சொல்வது. ஒரு கதையில் புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்கள். ஏன்? புருஷனின் வேலை நேரம் மாறியது. மழையில் உப்பிய சமையலறை ஜன்னல் மூடவில்லை. மாமியாருக்குக் காது மந்தமானது. வீட்டில் ஒரே ஒரு மேஜை விளக்கு இருந்தது. இப்படி எட்டுக் காரணம், கயிறு, சக்கரம், கதவு என்று சோதனைப் படிவத்தில் வருகிற மாதிரி வரிசையாக வரும். நான் தட்டச்சு செய்து முடித்துவிட்டுக் கேட்டேன்.

"சார், இதுல தப்பு யார் மேல?"

"யார் மேலயும் இல்லம்மா. தேய்மானம்."

"தேய்மானத்தை யார் சார் படிப்பாங்க?"

யாரும் படிக்கவில்லை. அந்தக் கதையைத் தானே நேரில் போய்ப் பத்திரிகை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். போன சுருக்கில் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 'எல்லாம் இருக்கிறது. ஆனால் வாசகன் கோபப்பட ஓர் ஆள் வேண்டும்.'

மனுஷர் அதை மனதில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்தார். ஆறு வாரம். புத்தகம் நன்றாக விற்கும் ஒரு நாவலாசிரியர் பாடம் நடத்தினார். முதல் நாளே கரும்பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டாராம். ஒன்று: 'செய்தது யார்?' இன்னொன்று: 'கதையை முடிந்தவரை தாமதமாக ஆரம்பி.' முன்கதை, பின்னணி எல்லாம் வாசகனுக்குத் தூக்க மாத்திரை, சம்பவம் நடக்கிற அன்று காலையில் நேரே போய் இறங்கு என்று அர்த்தம். இரண்டையும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் எழுதியது ஒரு வீட்டுக்காரரைப் பற்றி. குடியிருப்பவரின் நாயை ஒரு காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ விட்டுவிட்டு வந்து, எல்லோரோடும் சேர்ந்து தேடுகிற ஆள். தட்டச்சு செய்யும்போதே எனக்குக் கை நமநமத்தது, அந்த ஆளை ஓர் அறை விடலாம் போல. கதை அச்சில் வந்தது. வீட்டுக்காரரைத் திட்டிப் பதினேழு வாசகர்கள் கடிதம் போட்டார்கள். கதாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்குப் போன் செய்து, "வீட்ல என்னையும் ஒரு மாதிரி உத்து உத்துப் பாக்கறாரும்மா, நான் எதையாவது பண்ணிடுவேனோன்னு" என்று சிரித்தார்.

அது அச்சில் வந்த மூன்றாவது வாரம், டாக்டர்கள் இருக்கும் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் லிப்ட் வழுக்கியது. ஆறு பேரோடு நாலாவது மாடியில் நின்ற பெட்டி, நிற்காமல் இறங்கிப் போய் அடிப்பள்ளத்தில் மோதியது. கண் டாக்டரிடம் வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இன்னோர் ஆய்வாளர் கண்புரை அறுவை செய்துகொண்டு வீட்டில் இருந்தார். அதனால் விசாரித்து அறிக்கை எழுதும் வேலை கதாசிரியர் தலையில் விழுந்தது.

வழக்கமாக அவர் அறிக்கைகள் எனக்குக் கொட்டாவி வரவழைக்கும். இந்த முறை பதினோரு பக்கத்தையும் நிமிராமல் தட்டினேன். விபத்து நடந்த அன்று காலை ஒன்பது பத்துக்கு ஆரம்பிக்கிறது. பராமரிப்பு மெக்கானிக் மோட்டார் அறைக்குள் வருகிறார். பிரேக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிக்கிறார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைக்கிறார், ஒவ்வொரு விரலாக. பிறகு பராமரிப்பு நோட்டில், எழுந்துகூடப் பார்க்காமல், எல்லா வரிக்கும் நேராகக் கையெழுத்துப் போடுகிறார். கீழே அந்த வரவேற்புப் பெண் குடையை மடக்கிக்கொண்டு லிப்ட் பொத்தானை அழுத்துகிறாள்.

ஒரு பொய் இல்லை. அந்த மெக்கானிக் டீ குடித்தது உண்மை, விரல் துடைத்தது உண்மை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் உண்மை.

எங்கள் தலைமை அதிகாரி அதை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்து, "பின்னிட்டீங்கய்யா!" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கதாசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கும்தான், நான் தட்டச்சு செய்ததாயிற்றே. மறுநாள் மெக்கானிக்கின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். மூன்று பொறியாளர்கள் கொண்ட விசாரணைக் குழு மாதக் கடைசியில் கூடி முடிவு சொல்லும். உரிமம் ஒரேயடியாகப் போய்விடும், அதோடு கிரிமினல் வழக்கும் வரும் என்று பேசிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் மெக்கானிக்கே மாடி ஏறி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அறிக்கையின் நகல் கையில் இருந்தது.

"படிச்சேன் சார். இதுல வர்ற ஆளைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றார்.

அந்த நேரத்தில்கூட அது பாராட்டோ என்று ஒரு கணம் கதாசிரியர் முகம் யோசித்ததை நான் பார்த்தேன்.

"அன்னைக்கு நான் பார்க்கலை, தப்புத்தான். பார்த்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது சார். ஒரு வருஷம் முன்னாடி கம்பெனியில தப்பான பிரேக் ஸ்பிரிங் அனுப்பினாங்க. காலிப் பெட்டின்னா பிடிக்கும். ஆள் நிறைஞ்சா மெதுவா வழுக்கும். மெதுவா வழுக்கினா அவசரப் பிடியும் வேலை செய்யாது, அது வேகத்துக்குத்தானே பிடிக்கும். எடை ஏத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

"எடை ஏத்தித்தானே வருஷா வருஷம் பார்க்கிறோம்" என்றார் கதாசிரியர்.

மெக்கானிக் அவரையே பார்த்தார். "போன வருஷம் நீங்க வந்தப்ப எடைக்கல்லை எல்லாம் லிப்ட் வாசல் வரைக்கும் தள்ளிட்டு வந்தேன். நாலு கல்லை உள்ள வெச்சும் ஆச்சு. நீங்கதான், 'விடுங்க, நேரமில்ல, எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும்'னீங்க. கல்லை இறக்கி வெச்சுட்டு, காலிப் பெட்டியை மேலயும் கீழயும் ஓட்டிப் பார்த்துட்டு எழுதிட்டுப் போனீங்க. ஞாபகம் இல்லையா சார்?"

மெக்கானிக் போன பிறகு நான் பழைய கோப்பை எடுத்தேன். பத்து மாதத்துக்கு முந்தைய சான்றிதழ். 'முழு எடையுடன் பிரேக் சோதனை: திருப்தி.' தட்டச்சு செய்தவள் நான். கையெழுத்து கதாசிரியருடையது. தேதியை இரண்டு தடவை பார்த்தேன். பிரிந்துபோன தம்பதியின் கதையை ஐந்து மணிக்குள் பத்திரிகை ஆசிரியர் கையில் சேர்க்க வேண்டும் என்று அவர் ஓடிய நாள் அது.

அவர் தெரிந்தே மறைத்தாரா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. இல்லை என்றுதான் நினைக்கிறேன். சம்பவத்தன்று காலையில் கதையை ஆரம்பிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆரம்பித்தார். அதற்கு முன்னால் நடந்தது எல்லாம் அவருக்கு முன்கதை ஆகிவிட்டது. எழுதுகிற ஆளுக்கு எழுதுகிற ஆள் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் அந்தக் கோப்பை அவர் முன்னால் வைத்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் படித்தார். பிறகு, "ஏம்மா, புதுசா ஒரு அறிக்கை எழுதணும்" என்றார்.

இரண்டாவது அறிக்கை பழைய பாணி. ஒன்பது காரணம், வரிசை எண்ணோடு. கம்பெனி அனுப்பிய தவறான ஸ்பிரிங். வேலைக்காக லிப்டை நிறுத்தக் கட்டட முதலாளி இரண்டு முறை மறுத்தது. ஒரு மெக்கானிக்குக்கு நாற்பது லிப்ட் என்று கம்பெனி பிரித்துக் கொடுத்தது. சோதிக்க ஆளில்லாத எங்கள் அலுவலகம். மெக்கானிக்கின் பார்க்காத கையெழுத்து. ஆறாவதாக, எடை ஏற்றாமல் சோதித்த ஆய்வாளர், பெயரோடு. பாதி தட்டுவதற்குள் எனக்குக் கண் சொருகியது. நடந்தது என்னவோ அதுதான், அணு பிசகாமல்.

விசாரணைக் குழுத் தலைவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தானே போனும் செய்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஒன்பது பேர் பொறுப்புன்னா யாருமே பொறுப்பு இல்லன்னுதானே அர்த்தம்? முதல் அறிக்கை கண்ணு முன்னாடி நடக்கிற மாதிரி இருக்கு. நாங்க அதையே வெச்சுக்கறோம். நல்ல மனசு உங்களுக்கு, அந்த மெக்கானிக்கைக் காப்பாத்தப் பார்க்கறீங்க."

"சார், ஆறாவது காரணம் நான்."

"அதான் சொல்றேன், நல்ல மனசு."

பத்திரிகை ஆசிரியர்தான் அவரைப் படுத்துகிறார் என்றால், பொறியாளர்களும் இப்படியா என்று இருந்தது எனக்கு. இவர் போனை வைத்தார். குழு கூடுவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு சோதனைப் படிவத்தைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

மூன்றாவது அறிக்கை ஐந்து பக்கம். பத்து மாதத்துக்கு முன்னால், பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஆரம்பிக்கிறது. ஆய்வாளர் லிப்ட் வாசலில் நிற்கிறார். அவர் கைப்பையில் ஒரு கதை இருக்கிறது. மெக்கானிக் இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறார், வேர்வை சொட்டுகிறது. நாலாவது கல் உள்ளே ஏறும்போது ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மறுபடி பார்க்கிறார். தன் கதை அச்சில் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறார். "விடுங்க" என்கிறார். மெக்கானிக் குனிந்து கற்களைத் திரும்ப இறக்குகிறார். ஆய்வாளர் படிவத்தில் 'திருப்தி' என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கிப் போகிறார்.

அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. யார் என்று தெரிந்திருந்தும், எதிரே அவர் உட்கார்ந்திருந்தும், தட்டச்சு செய்யச் செய்ய எனக்கு அவன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என்றே வந்துவிட்டது பாருங்கள். கடைசிப் பக்கத்தில் கையை எடுத்துவிட்டேன்.

"சார், மத்த எட்டுக் காரணம் எங்க?"

"அதைப் போட்டா படிக்க மாட்டாங்கம்மா."

"கம்பெனிக்காரன் தப்பிச்சிடுவான். கட்டட முதலாளியும் தப்பிச்சிடுவார்."

"தப்பிச்சிடுவாங்க" என்றார். "அந்த மெக்கானிக்கும் தப்பிச்சுக்குவார்ல?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மிச்சத்தைத் தட்டினேன்.

இந்த முறை குழுவுக்குச் சந்தேகமே வரவில்லை. தலைவர் மேஜையைத் தட்டி, "என்ன மனுஷன்யா இவன்!" என்றாராம், இவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே. மெக்கானிக்கின் உரிமம் திரும்பக் கிடைத்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். கம்பெனிக்கு ஒரு கடிதம் போனது, கட்டட முதலாளிக்கு அதுவும் இல்லை. எங்கள் ஆளின் ஆய்வாளர் தகுதியை நிரந்தரமாக ரத்து செய்தார்கள். இனி எந்த லிப்டையும் அவர் தொட முடியாது.

கடைசி நாள் டார்ச், அளவுகோல், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்தார். யாரும் வழியனுப்ப எழுந்து வரவில்லை. நான்தான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். அக்காவிடம் என்ன சொல்வது, இனி இவர் காலை எழுந்து எங்கே போவார் என்று எனக்கு என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றார்.

"ஏம்மா, ஒன்னு கேக்கணும். கேக்கலாமான்னு தெரியலை."

"கேளுங்க சார்."

"அந்த ஆள் ரெண்டாவது தடவை கடிகாரத்தைப் பாக்கற இடம் இருக்குல்ல. அது கொஞ்சம் நீளமாயிடுச்சோ?"

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ராத்தூக்கம் இல்லாமல் யோசித்திருக்கிறார், வேலை போனதைப் பற்றி இல்லை, இதைப் பற்றி.

"இல்ல சார்" என்றேன். "ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

அந்த மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.