யாரும் தொடாத டபிள்யூ

இது கதை இல்லை. என் வீட்டுல, என் மேஜையில, எனக்கு நடந்தது. "பிரமையா இருக்கும்", "தூக்கக் கலக்கமா இருக்கும்"னு சொல்ல வர்றவங்க தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டுப் படிங்க. அப்ப மணி ஏழேகால்தான். ராத்திரிச் சமையலே ஆகாத நேரத்துல எவளுக்குத் தூக்கக் கலக்கம் வரும்?

வீட்டுக்குள்ள அலமாரி, சமையல் மேடை எல்லாம் எப்படி அமையும்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கொடுக்கறது என் வேலை. வீட்டுலேர்ந்தேதான். பல வருஷமா ஒரே லேப்டாப். ஒல்லியா, சாம்பல் நிறத்துல இருக்கும். விளக்கு கிடையாது, விசிறி கிடையாது. திரையில ஒரு படம்கூட வைக்க மாட்டேன். வெறும் கறுப்பு. எனக்கு அப்படி இருந்தாத்தான் மண்டை ஓடும்.

அதுக்கு வேட்டு வெச்சவர் எங்க மேனேஜர். ஆபீஸ்ல அவருக்குப் பட்டப்பேர் கடுகு. எப்ப வெடிப்பார்னு யாருக்கும் தெரியாது. "வீட்டுக்குள்ள நடந்து பாக்கற மாதிரி வேணும்னு கேக்கறாங்கம்மா. உங்க டப்பா அதுக்குத் தாங்காது"ன்னு சொல்லிட்டு, மறுநாளே என்னோடதை வாங்கிக்கிட்டு ஒரு கேமிங் லேப்டாப்பை அனுப்பிட்டார். புதுசுகூட இல்லை. யாரோ ஆடித் தீர்த்தது. தடிமாடு மாதிரி இருந்துச்சு. சார்ஜரே செங்கல் கனம். ஆன் பண்ணினா கீ ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல மின்னுது. உள்ள விசிறி புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

"என்னடி, வீட்டுல சர்க்கஸ் கூடாரம் போட்டுட்டியா?"ன்னு வீட்டுக்காரர் சிரிச்சார். அவருக்கென்ன, சிரிப்பார்.

ஞாயித்துக்கிழமை கொழுந்தன் வந்தான். விளையாட்டுப் பைத்தியம். "முதல்ல இந்த வெளிச்சத்தை அணைச்சுத் தொலைடா"ன்னேன்.

"முழுசா அணைக்காதீங்க அண்ணி, பாவம். கீயைத் தொட்டா மட்டும் எரியற மாதிரி வெச்சுத் தர்றேன். கையை எடுத்தா அணைஞ்சுடும்."

சரின்னேன். அப்பத்தான் காட்டினான். நாலே நாலு கீ மட்டும் எழுத்து அழிஞ்சு வழவழன்னு கிடந்துச்சு. "இது டபிள்யூ. அழுத்தினா ஆள் முன்னாடி நடப்பான். எஸ், பின்னாடி. ஏ, இடது. டி, வலது. இதை வெச்சிருந்தவன் செமத்தியா ஆடியிருக்கான் அண்ணி."

"அவன் ஆடினான், நான் மாரடிக்கிறேன். போடா."

திங்கக்கிழமை ஒரு சின்ன விஷயம். தண்ணி குடிக்க எழுந்து போயிட்டுத் திரும்பி வந்தேன். மேஜையில டபிள்யூ எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல வந்ததும் அணைஞ்சுது. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை. வீட்டுக்காரருக்கு ரெண்டாவது ஷிப்ட். பாப்பாவுக்கு, என் நாலு வயசுப் பொண்ணுக்கு, ஜுரம். மருந்து குடிச்சிட்டு உள் அறையில தூங்கிட்டிருந்தா. என் மேஜை கூடத்துல. எதிர்ல நேரா ஒரு நடை. அதுல பாதி தூரத்துல இடது பக்கம் சமையலறை. நடை முடியற இடத்துல பாப்பா அறை. அவ முனகினாக்கூட எனக்குக் கேக்கணும்னு கதவைத் திறந்தே வெச்சிருந்தேன்.

எட்டு மணிக்குள்ள படத்தை அனுப்பலைன்னா கடுகு வெடிச்சிடும். மும்முரமா வரைஞ்சிட்டிருந்தேன். 7:12. கரண்ட் போச்சு.

லேப்டாப் மட்டும் ஓடிச்சு. திரை வெளிச்சம் என் மூஞ்சியில. அதுக்கு அப்பால கும்மிருட்டு. அவிழ்ந்த கூந்தலை முடியலாம்னு ரெண்டு கையையும் தூக்கினேன்.

டபிள்யூ எரிஞ்சுது.

அணைஞ்சுது. மறுபடி எரிஞ்சுது. என் ரெண்டு கையும் தலையில இருக்கு...

அப்பத்தான் சத்தம் கேட்டுது. சத்... சத்... ஈரக் கால் தரையில ஒட்டிப் பிரியற சத்தம். டபிள்யூ எரியுது, ஒரு சத். மறுபடி எரியுது, இன்னொரு சத். மேஜைக்கு முன்னாடியிலேர்ந்து கிளம்பி, நடையில போய்க்கிட்டே இருக்கு.

ஏ எரிஞ்சுது.

சமையலறையில ஒரு டம்ளர் விழுந்து உருண்டுது.

"சூ! போ!"ன்னு கத்தினேன். பூனைன்னுதான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைக்கப் பாத்தேன். டி எரிஞ்சுது. சத்தம் நடைக்குத் திரும்பி வந்துச்சு. மறுபடி டபிள்யூ. அடுத்து என்ன இருக்கு? பாப்பா அறைதான் இருக்கு.

போன் டார்ச்சை அடிச்சேன். நடை காலியா இருந்துச்சு. ஆனா சத்தம் நிக்கலை.

கடைசியா ஒரு சத், பாப்பா அறைக்குள்ள. அப்புறம் ஓரத்துல ஒரு கீ எரிஞ்சு, அப்படியே நின்னுது. கண்ட்ரோல். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"டேய், கண்ட்ரோல் அழுத்தினா என்ன ஆகும்?"

"குனிஞ்சு உக்காருவான் அண்ணி. ஏன், நீங்களும் ஆட ஆரம்பிச்சுட்டீங்களா?"

போன் கையிலேர்ந்து நழுவிச்சு. டார்ச்சும் அணைஞ்சுபோச்சு.

குனிஞ்சு உக்காந்திருக்கு... என் புள்ளை கட்டில் பக்கத்துல.

ஓடணும்னு எழுந்தேன். எழுந்த வேகத்துல கை கீபோர்டு மேல ஊனிடுச்சு. எஸ் எரிஞ்சுது.

உள்ள ஒரு சத். பின்னாடி வந்த சத்.

கையை எடுத்தேன். உடனே டபிள்யூ எரிஞ்சுது. ஒரு எட்டு உள்ள போச்சு.

புரிஞ்சுபோச்சு. விட்டா அது புள்ளைகிட்ட போகும். அழுத்தினா பின்னாடி வரும். எஸ் மேல விரலை வெச்சு அழுத்தினேன். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினேன். "வா... வெளிய வா, நாசமாப் போறதே... வா!"

சத்... சத்... சத்...

அறையை விட்டு வந்துச்சு. சமையலறையைத் தாண்டிச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அது கிளம்பினதே இந்த மேஜையிலேர்ந்துதான். பின்னாடி வந்தா எங்க வரும்?

என்கிட்ட.

விட்டுட்டு ஓடலாம். வாசக்கதவு கைக்கெட்டுற தூரம். ஓடினா டபிள்யூ எரியும்.

பெத்தவளாச்சே. உக்காந்தேன். விரலை எடுக்கலை.

சத்...

மேஜை ஓரத்துல குளிர் அடிச்சுது.

சத்...

முழங்கால்ல ஏதோ தொட்டுச்சு. ஐஸ் மாதிரி.

திரை வெளிச்சத்துல குனிஞ்சு பார்த்தேன். ஒண்ணுமே இல்லை.

ஆனா மடியில கனம்... மெதுவா உக்கார்ற கனம்.

ஒரு முதுகு என் நெஞ்சுல சாஞ்சுது. சாஞ்சுக்கிட்டே வந்துச்சு. மூச்சு விட முடியலை.

அப்புறம்... கனம் இல்லை.

7:31. கரண்ட் வந்துச்சு.

ஓடினேன். பாப்பா கட்டில்ல உக்காந்திருந்தா. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருந்தா. ஒரு கீறல் இல்லை. ஜுரம்கூட விட்டிருந்துச்சு. "என் தங்கமே"ன்னு கையை நீட்டினேன். சுவரோட ஒட்டிக்கிட்டா. அழலை. என்னையே பாத்தா. அவங்க அப்பா வர்ற வரைக்கும் அந்தச் சுவரை விட்டு நகரலை.

மறுநாள் காலையிலேயே அந்தச் சனியனை ஆபீசுக்குத் திருப்பி அனுப்பிட்டேன். கடுகு வெடிச்சார். வெடிக்கட்டும்னு விட்டேன். என் ஒல்லி லேப்டாப் திரும்பி வந்துச்சு. இப்பவும் அதுலதான் வேலை. ராத்திரி சத்தம் எதுவும் வர்றதில்லை. கொழுந்தன் மட்டும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்றான்.

பாப்பாதான் மாறிட்டா. நான் ஊட்டினா சாப்பிட மாட்டா. தலை சீவ விட மாட்டா. கூடப் படுன்னா அப்பா பின்னாடி ஒளிஞ்சுக்கறா. என் வயிறு எரியுது. உயிரைக் கொடுத்துக் காப்பாத்தினது யாரு?

போன வாரம் வீட்டுக்காரர் அவளை மடியில வெச்சு மெதுவாக் கேட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்.

"ஏன்டா செல்லம், அம்மாகிட்ட போக மாட்டேங்கறே?"

"அன்னிக்கு இருட்டா இருந்துச்சுல்லப்பா... அப்ப ரெண்டு அம்மா இருந்தாங்க."

"ரெண்டு அம்மாவா?"

"ஒரு அம்மா அங்க மேஜையில. மூஞ்சியில வெளிச்சம். இன்னொரு அம்மா என் கட்டில்கிட்ட குனிஞ்சு உக்காந்து என்னையே பாத்தா. அப்புறம் எழுந்து, என்னை முறைச்சுக்கிட்டே பின்பக்கமா நடந்து போனா. போய், மேஜையில இருந்த அம்மா மேல உக்காந்தா. உள்ள போயிட்டா."

அவர் சிரிச்சார். "அப்புறம் வெளிய வந்து ஓடிப் போயிட்டாளா?"

பாப்பா கதவைப் பாத்தா. நான் நிக்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"இல்லப்பா. இன்னும் வரலை."